பதினோரு மொழி அறிந்தவன்

ஆற்றுத்துறையை ஒட்டி ஒரு மடம் இருந்தது. வெண்ணி அம்மை அங்கே குருவாக இருந்தார். அவருடைய சீடர்களில் ஆதன் என்று ஒருவன். வயது முப்பது.

துறையில் தங்கும் அயல்நாட்டார் பேசுவதைப் பத்து நாள் கேட்டால் போதும், அந்த மொழி அவனுக்கு வந்துவிடும்; எழுத்தைக் காட்டினால் படிக்கவும் செய்வான். அப்படிப் பதினொன்று வந்திருந்தது. எவ்வளவு பெரிய எண்களைப் பெருக்கச் சொன்னாலும் கேட்டவர் மூச்சு விடுவதற்குள் விடை சொல்வான். ஆனால் யார் முகத்தையும் பார்க்க மாட்டான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு படித்துறைக்கு ஓடிவிடுவான். குழம்பு சோற்றில் பட்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை.

மூத்த சீடர் பொறையன்தான் அவனைப் பார்த்துக்கொண்டார். சோறு தனி, குழம்பு தனி என்று பரிமாறியவர் அவர். வேடிக்கை பார்க்க வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவரும் அவரே.

ஒருநாள் அரசரின் தூதர் வந்தார். அரண்மனையில் உள்ள அயல்மொழி ஏடுகளைப் படித்துச் சொல்ல ஆளில்லை, ஆதனை அனுப்ப வேண்டும் என்றார்.

மடத்தில் மூன்று நாள் பேச்சு நடந்தது. அனுப்பினால் மடத்துக்குப் பெருமை என்றார்கள் சிலர். அங்கே முரசுச் சத்தத்திலேயே அவன் செத்துப்போவான் என்றார் பொறையன். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. பொறையன் குருவிடம் போய், நீங்களே சொல்லுங்கள் என்று நின்றார்.

"ஆதன் என்ன சொன்னான்?" என்று கேட்டார் அம்மை.

"அவனிடம் கேட்கவில்லை, அம்மா. அவனுக்கு என்ன தெரியும்?"

"பதினோரு மொழி தெரியும். ஏதாவது ஒன்றில் கேள்."

பொறையன் படித்துறைக்குப் போனார். ஆதன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அரண்மனைக்குப் போகிறாயா என்று கேட்டுவிட்டு பொறையன் பக்கத்தில் உட்கார்ந்தார். வெயில் சாய்ந்த பிறகு ஆதன் பேசினான்.

"போகிறேன். அங்கே பதின்மூன்று மொழிகளில் ஏடு இருக்கிறது என்று தூதர் படகோட்டியிடம் சொன்னார். இரண்டு எனக்குத் தெரியாது. முரசு அடிப்பதற்கு முன்னால் எனக்குச் சொல்லிவிட வேண்டும். அதைத் தூதரிடம் சொல்லுங்கள்."

பொறையன் சொன்னார். தூதர் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை ஆதன் படகேறினான். திரும்பிப் பார்க்கவில்லை. படகு மறையும்வரை நின்றிருந்த பொறையன், கலங்கிய கண்ணோடு அம்மையிடம் வந்தார்.

"அங்கே அவனை அறிந்தவர் ஒருவரும் இல்லையே, அம்மா."

"இங்கே யார் இருந்தார்கள்?" என்றார் அம்மை.