கண்ணாடிக்குள் நின்றவள்

கோவில்பட்டி ஸ்டுடியோ முதலாளி இராமபத்ரன், புதிதாக வாங்கிய ஜூம் லென்ஸைக் கைக்குழந்தைபோல் தூக்கித் திரிந்தார். பிரிண்ட் போடும் செண்பகத்திடம் இருந்ததோ பழைய ஜூம்.

“எது கூர்மைன்னு பார்த்துடலாம். ஜெயிச்சா நாளைக்குக் கல்யாண வீட்டுப் படம் நீ எடு. தோத்தா இனி நீ கேமராவையே தொடக்கூடாது” என்றார்.

சுவரில் மாலையோடு தொங்கிய அவருடைய அப்பா படத்தை, அதன்மேல் எரிந்த சிவப்பு விளக்கின் ஒளியில், இருவரும் ஒரே இடத்திலிருந்து தனித்தனியே போய் எடுத்தார்கள். பெயர் எழுதாத இரண்டு பிரிண்டுகள் மேசைக்கு வந்தன.

“மீசை முடியை எண்ணலாம். இதுதான் என்னுது!” என்று ஒன்றைப் பறித்துக்கொண்டார் இராமபத்ரன்.

“இன்னும் கிட்டப் பாருங்க முதலாளி.”

பார்த்தார். இறந்தவரின் நெஞ்சுக்குள் ஒரு பெண் மங்கலாக நின்றிருந்தாள். முகமில்லை, தோளில் பின்னல் மட்டும் தெரிந்தது.

“யாரும்மா இது? நான் எடுத்தப்போ அறையில யாருமே இல்லியே!”

“நீங்க எடுத்த படம்னா அது பேய்தான். நான் எடுத்ததுன்னா, படத்துச் சட்டத்துக் கண்ணாடியில தெரியிற என் உருவம். எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

சிவப்பு விளக்கு ஒருமுறை இமைத்தது.

“உன்னுதுதான் தாயி, உன்னுதேதான்!”

மறுநாள் கல்யாண வீட்டுக்குப் பழைய ஜூமோடு செண்பகம் போனாள். இராமபத்ரன், அப்பா படத்தைத் துணியால் மூடிவிட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தார்.