தடித்த வேர்

மொழியியல் வகுப்பில் கரும்பலகை துடைக்கும் பூவாயி, ஒருநாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டாள். கிரேக்கத்தின் ‘பகுஸ்’, வடமொழியின் ‘பஹு’ இரண்டும் தடிமனைக் குறித்த ஒரே ஆதிவேரில் முளைத்தவை என்று முழங்கிக்கொண்டிருந்த பேராசிரியர் சிதம்பரநாதன் அவளைப் பார்த்துவிட்டார்.

“எழுந்திரு! ஐயாயிரம் வருஷத்து வேர் இது. உன் வாயில் நுழையுமா? நுழைந்தால் உட்கார். இல்லையென்றால் நாளையிலிருந்து வேலைக்கு வராதே.”

“வெகுகாலமா எங்க வாயிலதானே இருக்குதுங்க ஐயா.”

“என்ன உளறுகிறாய்?”

பூவாயி சாக்பீஸை எடுத்து, பலகையில் அவர் எழுதியிருந்த ‘பஹு’வுக்குக் கீழே ‘வெகு’ என்று எழுதினாள்.

வகுப்பே இரண்டு சொற்களையும் மாறி மாறிப் படித்தது. எங்கோ ஒருவன் தடித்த மரத்தைத் தொட்டுச் சொன்ன சொல், ‘நிறைய’ என்று பொருள் வளர்ந்து, நாடுகள் கடந்து, இவள் நாக்கில் குடியிருந்திருக்கிறது!

பூவாயி போய் உட்கார்ந்தாள். அன்று அந்தப் பலகையைத் துடைக்கப் பேராசிரியருக்கே கை வரவில்லை.