சும்மா நின்ற சில்லறை

ஆற்றங்கரை டிப்போவின் கால்பந்து அணி ஒன்பது வருடமாக இறுதிப் போட்டி வரைக்கும் வந்து, மலையடி டிப்போவிடம் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றவர்கள் மறுநாள் காலையில் ஜெயித்தவர்களின் டிப்போவுக்குப் போய் பஸ் கழுவ வேண்டும். யார் ஆரம்பித்த வழக்கமோ, நிறுத்தத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஒன்பது வருடமும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனவர் சிங்கராயர். டிரைவர். வயது ஐம்பத்தொன்று. ஒரு காலத்தில் அணியின் தடுப்பாட்டக்காரர், இப்போது பயிற்சியாளருக்குத் துணை. வருகிற மே மாதம் ஊர் மாற்றலாகிப் போகிறார். போவதற்குள் ஒரு முறையாவது தன் பஸ்ஸை மலையடிக்காரன் கழுவுவதைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

பயிற்சியாளர் ஜெபக்கனி. மாநில அணிக்கு ஆடியவர். டிப்போவின் ஸ்டோர் ரூமில் வேலை. சிங்கராயரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். ஆனாலும் சிங்கராயருக்கு அவர் மாஸ்டர்தான். ஆட்டத்தில் சந்தேகம் என்றால் ஸ்டோர் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்.

அந்த வருடம் இசக்கிராஜ் என்று ஒரு கண்டக்டர் புதிதாக வந்தான். பஸ்ஸின் மேல்கம்பியைப் பிடிக்க எம்ப வேண்டிய உயரம். முதல் நாளே டிரைவர்கள் 'சில்லறை' என்று பெயர் வைத்தார்கள்.

"வச்சுக்கிடுங்க. நான் இல்லாம ஒருத்தருக்கும் வண்டி ஓடாது," என்று அவனும் சிரித்தான்.

பந்து காலில் ஒட்டிக்கொண்டு வந்தது அவனுக்கு. இடது ஓரம், வலது ஓரம், நடு, பின்னால், எங்கே விட்டாலும் ஆடினான்.

டிப்போவில் ஸ்பேர் கண்டக்டர் என்று ஒரு முறை உண்டு. அவருக்கென்று தனி ரூட் கிடையாது. எந்த வண்டிக்கு ஆள் வரவில்லையோ அதில் ஏற வேண்டும். இருபத்தாறு வருடம் அதைப் பார்த்துப் பழகிய சிங்கராயர், மாஸ்டர் வேலையில் மாட்டிக்கொண்டு வர முடியாத அரையிறுதியில் இசக்கியையும் அப்படியே ஓட விட்டார். எங்கே ஓட்டை விழுந்தாலும் "ஏல சில்லறை, அங்க போ!" என்று கத்தினார். அவனும் போனான். அணி ஒரு கோலில் ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் இசக்கி இரண்டு கெண்டைக்காலும் இழுத்துப் பிடித்துத் தரையில் சுருண்டான். மற்ற பத்துப் பேருக்கும் சட்டை நனையவில்லை.

மறுநாள் சிங்கராயர் ஒரு தாளோடு ஸ்டோர் ரூமுக்குப் போனார். எந்தப் பத்து நிமிடம் இசக்கி எந்த இடத்தில் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார்.

"மாஸ்டர், இறுதியில இவனை எங்கெங்க நிறுத்தணும்? ஒரு நிமிஷம்கூட வீணாக்கப்பிடாது."

ஜெபக்கனி தாளைப் பார்த்தார். கீழே கிடந்த பந்தைக் காலால் இழுத்து, அதன்மேல் பாதத்தை வைத்துக்கொண்டார்.

"எங்கிட்ட இருந்து பறிங்க, அண்ணாச்சி."

சிங்கராயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார். ஜெபக்கனி அசையவில்லை. சிங்கராயர் இடது பக்கம் சாய்ந்தார். வலது பக்கம் சாய்ந்தார். ஒரு அடி முன்னால் வைத்து, பின்னால் எடுத்தார். நெற்றியில் வேர்வை வந்துவிட்டது.

"நான் இன்னும் ஒண்ணும் செய்யலையே, அண்ணாச்சி. எதுக்கு இப்படி வேர்க்குது?"

சிங்கராயர் வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இறுதிப் போட்டியன்று ஜெபக்கனி இசக்கியை இடது ஓரக் கோட்டருகே கூட்டிப்போனார்.

"இங்கேயே நில்லு."

"எவ்வளவு நேரம், மாஸ்டர்?"

"அவங்க உன்னை மறக்கிற வரைக்கும்."

மலையடி அணித்தலைவர் ஐயாத்துரை அரையிறுதியை உட்கார்ந்து பார்த்தவர். இசக்கிக்கு மூன்று பேரைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார். மூன்று பேரும் வந்து அவனைச் சூழ்ந்து நின்றார்கள்.

"என்னடே, பஸ்ஸுக்கு நிக்கியா?" என்றான் ஒருத்தன்.

"ஆமாண்ணே. நீங்க மூணு பேரும் எங்க போகணும்?"

சிங்கராயர் கோட்டோரமாக அங்குமிங்கும் நடந்தார். இருக்கிறதிலேயே நல்ல ஆள் சும்மா நிற்கிறான். டிப்போவில் ஒரு ஸ்பேர் ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலே அவருக்குப் பொறுக்காது. அவனைக் கூப்பிட மூன்று முறை வாயெடுத்தார். மூன்று முறையும் மாஸ்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடினார்.

ஓட்டை அடைக்க இசக்கி வரமாட்டான் என்று தெரிந்ததும் மற்றவர்கள் தாங்களே ஓட ஆரம்பித்தார்கள். நம்பிராஜன் என்று ஒரு கனத்த டிரைவர், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர். மலையடியின் மூன்று பேர் இடது ஓரத்தில் நின்றதால் அவரைத் தடுக்க ஒரு ஆளும் இல்லை. பந்தைத் தள்ளிக்கொண்டு நிதானமாகப் போய் கோல் அடித்தார். அடித்துவிட்டு, தப்பு செய்தவர் மாதிரி நடுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"கோல்தாம்வே! சந்தேகமே வேண்டாம்!" என்று டிப்போவே எழுந்து கத்தியது.

இரண்டாம் பாதியில் மலையடி ஒன்று திருப்பி அடித்தது. ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது.

"எல்லாவனும் வாங்கடே!" என்று ஐயாத்துரை கத்தினார்.

இசக்கியைச் சூழ்ந்திருந்த மூவரில் இருவர் ஓடினார்கள். மூன்றாமவன் ஒரு நொடி நின்றான். இசக்கி குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து நிதானமாகக் கட்டிக்கொண்டிருந்தான். மூன்றாமவனும் ஓடினான்.

உயர்ந்து வந்த பந்தை ஆற்றங்கரை கோல்கீப்பர் தாவிப் பிடித்தார். பிடித்த வேகத்திலேயே இடது ஓரத்துக்கு உருட்டிவிட்டார்.

இசக்கி ஓடினான். எதிரே வெறும் புல். ஆட்டம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த ஓட்டம். பின்னால் வந்தவர்களுக்கு அவன் காலடிச் சத்தம்கூடக் கேட்டிருக்காது. மலையடி கோல்கீப்பர் முன்னேறி வந்தார். அவர் கால் இடுக்கில் பந்து போய் வலையில் விழுந்தது.

சிங்கராயர் யாரைக் கட்டிப்பிடித்தோம் என்றே தெரியாமல் கட்டிப்பிடித்தார். பிறகுதான் பார்த்தார், அது நடுவர்.

மறுநாள் காலை ஆற்றங்கரை டிப்போவில் தண்ணீர் ஓடியது. ஐயாத்துரை சிங்கராயரின் பஸ்ஸுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பின்பக்க டயர்ல சேறு இருக்கு பாரும்வே," என்றார் சிங்கராயர்.

"ஒன்பது வருஷமா நீரு கழுவின லட்சணம் எங்களுக்குத் தெரியாதா?" என்றார் ஐயாத்துரை.

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனாலும் சிங்கராயருக்கு உள்ளே ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஸ்டோர் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"மாஸ்டர், ஜெயிச்சாச்சு. சந்தோஷம்தான். ஆனா அப்படி ஆடுறவனை ஒரே ஒரு தடவைதான ஓட விட்டோம்? மிச்ச நேரமெல்லாம் வீண் இல்லையா?"

ஜெபக்கனி ஒரு ஃபேன் பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார்.

"ஓடினப்ப அவன் ஒரு ஆளுதான், அண்ணாச்சி. நின்னப்பதான் மூணு ஆளு."