நான்காவது நாற்காலி

கும்பகோணத்தில் ஒரு குரு இருந்தாள். வயது இருபத்தாறு. அவளுடைய சீடர்களிலேயே மூத்தவருக்கு வயது ஐம்பத்தொன்பது. அவர் அவளுடைய அப்பா.

குருவின் பெயர் அபிராமி. பகலில் மாடியறையில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்ப்பாள். மற்ற நேரத்தில், விளையாடுவதற்கென்று சொந்தமாகக் கம்ப்யூட்டர் கட்ட ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு வழி சொல்வாள். வழிதான் சொல்வாள், கட்டித் தரமாட்டாள். ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டாள். வந்தவர்தான் பாகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வந்தவர்தான் பூட்ட வேண்டும். கேள்வி கேட்டால் நேராகப் பதில் வராது என்பதால் பிள்ளைகள் அவளைக் கேலியாகக் குரு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அப்பா மாசிலாமணி, பெரிய தெரு ஜவுளிக்கடை ஒன்றில் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றுப் பட்டுப் பிரிவுக்கு அழைத்துப் போனவர். அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், மகள் ஆடுகிற ஆட்டத்தைப் பின்னால் நின்று பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கை துறுதுறுத்தது. அவளுடைய பழைய லேப்டாப்பில் தானும் ஆடிப் பழகினார்.

நான்கு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்கும் ஆட்டம் அது. சின்னப் பிள்ளைகள் எல்லாரும் பாய்ந்து சுடப் போவார்கள். இவர் மட்டும் வாசலிலேயே நிற்பார். வாங்க வருகிறவர் யார், வெறுமே புரட்டிப் பார்த்துவிட்டுப் போக வருகிறவர் யார் என்று பல வருஷம் பார்த்துத் தேர்ந்த கண் அது. அவரை ஏமாற்றி உள்ளே நுழைவது லேசில்லை.

அபிராமியின் அணியில் ஓர் இடம் காலியானது. நான்காவது ஆள் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டான். தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் அணியோடு பந்தயம் இருந்தது. மாசிலாமணி மகளிடம் வந்து நின்றார்.

"அந்த நாலாவது நாற்காலியை எனக்குக் குடும்மா."

"எங்க அணியில ஒரு வழக்கம் இருக்குப்பா. அவங்கவங்க கையால கட்டின மெஷின்லதான் ஆடணும்."

"நானும் கட்டுறேன்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியலன்னா எதிர்வீட்டு வரதன் வருவான். அவன் மெஷின் தயாரா இருக்கு."

அப்பா என்பதற்காக அவள் கெடுவை ஒரு நாள்கூடத் தள்ளிவைக்கவில்லை. அதுவே அவருக்குப் பெருமையாக இருந்தது. விஷயம் தெருவில் பரவியது. சுவாமிமலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தகப்பனுக்குப் பிள்ளை உபதேசம் செய்வதில் என்ன அதிசயம் என்றார் பக்கத்து வீட்டு வாத்தியார். மாசிலாமணி அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

முதல் கேள்வி கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றியது. திரையில் படத்தை ஓட்டுவது அதுதான். கம்ப்யூட்டர் கடையில் இருந்தவற்றிலேயே பெரியதை, மூன்று விசிறி வைத்ததை, அவர் பார்த்து வைத்திருந்தார். அதையே வாங்கிவிடலாமா என்று கேட்டார்.

"கடைக்கு ஒரு அம்மா வந்து, இருக்கறதுலயே ஒசந்த புடவையைக் காட்டுங்கன்னா என்ன செய்வீங்க?"

"எங்க கட்டிக்கப் போறீங்கன்னு கேப்பேன்."

அபிராமி மிச்சக் காபியைக் குடித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மாசிலாமணி அன்று முழுக்க யோசித்தார். தான் ஆடப் போவது ஒரே ஓர் ஆட்டம். வாங்கி வைத்திருந்த திரையும் நடுத்தரத் திரைதான். மறுநாள் நடுத்தரமான கார்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

அடுத்தது பவர் சப்ளை. எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி. வெளியே தெரியாத பெட்டிதானே, ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டு, மிச்சம் பிடிப்பதில் வண்ண விளக்கு வைத்த விசிறிகள் வாங்கலாமே என்று அவருக்கு ஆசை.

"உங்க கல்யாணத்துல தாத்தா எதுல சிக்கனம் பிடிச்சார்ப்பா?"

"எல்லாத்துலயும் பிடிச்சார். பந்தல்ல பிடிச்சார், மேளத்துலகூடப் பிடிச்சார். சமையல்காரர்கிட்ட மட்டும் பிடிக்கல."

"ஏன்?"

சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பெயரெடுத்த பவர் சப்ளையாகவே வாங்கினார். வண்ண விளக்குகள் போயின. கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் கேபினெட் விஷயத்தில் அவர் விட்டுக்கொடுப்பதாக இல்லை. எல்லாப் பாகங்களையும் உள்ளே வைக்கிற பெட்டி அது. முன்னும் பக்கமும் கண்ணாடி போட்டு, நகைக்கடை அலமாரி மாதிரி மூடி வைத்த ஒன்றைக் காட்டினார். ஒரு பொட்டுத் தூசி உள்ளே போகாது என்றார்.

குரு எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். கதவைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள். பிறகு சாவகாசமாக உட்கார்ந்து, பட்டில் என்னென்ன ரகம் உண்டு என்று விசாரித்தாள். மாசிலாமணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆரணியில் தொடங்கினார். திருபுவனம் வருவதற்குள் துண்டால் கழுத்தைத் துடைத்தார். காஞ்சிபுரத்துக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"கதவைத் திறம்மா. காத்து வேணும்."

"அதுக்கும் வேணும்ப்பா."

முன்பக்கம் வலை போட்ட கேபினெட் வீட்டுக்கு வந்தது.

இந்த இடத்தில் அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே புதிதாக வந்த எந்தப் பொருளுக்கும் உறை பிரிந்ததில்லை. கூடத்து சோபா கடையில் சுற்றிய பிளாஸ்டிக்கோடு இருந்தது. வெயில் காலத்தில் அதில் உட்கார்ந்தவர் பிய்த்துக்கொண்டுதான் எழ வேண்டும். டிவி ரிமோட் உறைக்குள் இருந்தது. ஸ்கூட்டர் சீட்டும் அப்படியே. ஃபிரிட்ஜ் கதவில் கம்பெனிக்காரர்கள் ஒட்டி அனுப்பிய நீலத்தாள், அபிராமி பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து, ஓரமெல்லாம் சுருண்டு அழுக்கேறி ஒட்டிக்கொண்டிருந்தது. மாசிலாமணியைக் குறை சொல்லிப் பயனில்லை. உறை பிரிந்த புடவைக்கு மதிப்பில்லை என்று சொல்லும் கடையில் வாழ்ந்த மனிதர் அவர்.

புதன்கிழமை காலை குளித்து, விபூதி பூசிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் வெள்ளை வேட்டியை விரித்து, பாகங்களை வரிசையாக வைத்தார். எதிரே குரு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவர் வேலை செய்தது பார்க்க அழகாக இருந்தது. கூறைப் புடவையைப் பிரித்துக் காட்டிப் பழகிய விரல்கள், ஓரத்தை மட்டுமே பிடித்தன. மெஷினுக்கு மூளையான பிராசஸரை அதன் இடத்தில் மெல்ல இறக்கினார். அதன் மேல் சூடு கடத்தும் பசையைச் சந்தனப் பொட்டு மாதிரி வைத்தார். அதற்கு மேலே பூட்ட வேண்டியது கூலர். பிராசஸரின் சூட்டை இழுத்து வெளியே தள்ளுவது அதன் வேலை. கூலரின் அடியில் பளபளவென்று ஒரு செம்புத் தட்டு, செம்பின் மேல் மெல்லிய கண்ணாடித்தாள், தாளின் மேல் ஆங்கிலத்தில் ஒரு வரி. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைப் படித்தார். பிறகு கூலரை அப்படியே வைத்துத் திருகாணிகளை முடுக்கினார்.

குருவின் பார்வை ஒரு கணம் அங்கே நின்றது. அவள் வாய் திறக்கவில்லை.

மத்தியானம் பொத்தானை அழுத்தினார். விசிறி சுழன்றது, திரை ஒளிர்ந்தது. மனைவி செண்பகவல்லியைக் கூப்பிட்டுக் காட்டினார். நிஜமாகவே நீங்களேதான் பண்ணினீர்களா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த ஆச்சரியம் மாசிலாமணிக்கு அன்றைய சாப்பாட்டைவிட ருசித்தது. படமெடுத்துப் பழைய கடைக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினார். சாயங்காலம் ஆட்டத்தைத் தொடங்கினார்.

விசிறி இரைந்தது. இரைச்சல் கூடிக்கொண்டே போனது. கோட்டை வாசலுக்குப் போய் நிற்பதற்குள் மெஷின் பட்டென்று அணைந்துவிட்டது.

மறுபடி போட்டார், மறுபடி அணைந்தது. வியாழக்கிழமையும் அப்படியே. வயர்களைக் கழற்றி மாட்டினார். மெமரியை எடுத்துத் துடைத்துச் செருகினார். வேறு பிளக்கில் சொருகிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு வரதன் வந்து, ஞாயிற்றுக்கிழமை நான் வரணுமா மாமா என்று மரியாதையாகத்தான் கேட்டான். அந்த மரியாதைதான் சுருக்கென்று தைத்தது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை மாடி ஏறினார்.

"தேர்ந்தெடுத்ததுல எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன்மா. அந்தப் பெரிய கார்டையே வாங்கியிருக்கணும். எந்தப் பாகம் சரியில்லன்னு மட்டும் சொல்லிடு. இப்பவே போய் மாத்திட்டு வந்துடறேன்."

அபிராமி எழுந்து கீழே இறங்கினாள். அவர் பின்னாலேயே போனார். அவள் நேரே மெஷினிடம் போகவில்லை. சமையலறைக்குப் போய், ஃபிரிட்ஜ் கதவின் மேல் மூலையில் சுருண்டிருந்த நீலத்தாளை நகத்தால் பிடித்து, சர்ரென்று கீழ்வரை உரித்தாள்.

இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்ததை ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார் மாசிலாமணி. அடுப்படியில் இருந்த செண்பகவல்லி திரும்பிப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, கதவைக் கையால் தடவினார். உள்ளே இருந்தது நல்ல மாதுளை நிறம்.

"இந்தக் கலருக்காகத்தானே வாங்கினோம். மறந்தே போச்சு."

அபிராமி உரித்த தாளைச் சுருட்டி அப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தாளைப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெஷினிடம் ஓடினார்.

கூலரைக் கழற்றியபோது அந்தக் கண்ணாடித்தாள் சூட்டில் சுருங்கி, பசையோடு பசையாக ஒட்டியிருந்தது. பூட்டுவதற்கு முன் பிரித்துவிடவும் என்று அதில் எழுதியிருந்தது இன்னும் தெரிந்தது. கொதிக்கிற பிராசஸருக்கும் ஆற்ற வேண்டிய செம்புக்கும் நடுவில், புதன்கிழமையிலிருந்து அது உட்கார்ந்திருந்திருக்கிறது. அவர் படிக்காமல் விடவில்லை. அந்த வீட்டில் அப்படி எழுதியிருந்ததை யாரும் செய்ததில்லை, அவ்வளவுதான்.

தாளை உரித்தார். பழைய பசையைத் துடைத்துப் புதிதாக வைத்தார். செம்பும் பிராசஸரும் தொட்டுக்கொள்ளும்படி திருகாணிகளை முடுக்கினார். அன்று மத்தியானம் முழுக்க மெஷின் ஓடியது. விசிறி ஓடுவதே காதில் விழவில்லை. எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அபிராமி மாடியில், மாசிலாமணி கீழே கூடத்தில், மற்ற இருவர் அவரவர் வீட்டில். எல்லார் காதிலும் ஹெட்போன். ஆட்டம் தொடங்கப் போகும்போது அந்த இருவரில் ஒருவனான நாச்சியார்கோயில் ஃபாரூக்கின் குரல் வந்தது.

"யாரோ சிப்ஸ் பாக்கெட் பிரிக்கிறீங்க. இப்படியிருந்தா எதிரி வர்ற காலடிச் சத்தமே எனக்குக் கேக்காது."

சிப்ஸ் இல்லை. மாசிலாமணி ஆட்டத்துக்கென்று புதிதாக வாங்கிய நாற்காலியின் பிளாஸ்டிக் உறை, அவர் அசையும்போதெல்லாம் கரகரத்தது. மாடியில் குருவுக்கு அது தெரியும். அவள் பேசாமல் இருந்தாள். கீழே அவர் எழுந்தார். முதுகுப் பக்கம் உறையைப் பிடித்துக் கிழித்தார், சீட்டில் இருந்ததையும் கிழித்தார், சுருட்டி மூலையில் எறிந்தார். உட்கார்ந்தபோது துணி மெத்தென்று இருந்தது.

தஞ்சாவூர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். இருவர் வலப்பக்கம் கூச்சல் கிளப்பி எல்லாரையும் அங்கே இழுத்தார்கள். மாசிலாமணி நகரவில்லை. பராக்குக் காட்டிவிட்டுப் பின்னால் நுழைகிற ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். மற்ற இருவரும் வாசலுக்குத்தான் வந்தார்கள், இரண்டு பேரும் அங்கேயே விழுந்தார்கள். கும்பகோணம் ஜெயித்தது.

தஞ்சாவூர் அணித்தலைவன் வாழ்த்துச் சொல்லிவிட்டு, வாசலில் நின்றது யார், அவர் எந்த மெஷினில் ஆடுகிறார் என்று கேட்டான். அணிக்காக எப்போதும் பேசுவது அபிராமிதான். அன்று அவள் தன் மைக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"நான்தான் தம்பி," என்றார் மாசிலாமணி. "மெஷினும் நான் கட்டினதுதான். எல்லாப் பாகமும் நானே பாத்துத் தேர்ந்தெடுத்தேன்."

எதிர்முனையில் கைதட்டினார்கள். மாடியில் குருவும் கைதட்டினாள். மைக் அணைந்திருந்ததால் அது யாருக்கும் கேட்கவில்லை.

சாயங்காலம் அவள் கீழே இறங்கி வந்தாள். மாசிலாமணி அந்த நாற்காலியிலேயே சாய்ந்திருந்தார். எழுந்திருக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் மெஷின் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

"நான் அந்தத் தாளோட கூலரைப் பூட்டினதை நீ பாத்தேதானே?"

"பாத்தேன்ப்பா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மூணு நாளா எனக்குச் சோறே எறங்கல."

அபிராமி குனிந்து, மூலையில் கிடந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து மடித்தாள்.

"சொல்லியிருந்தா, தஞ்சாவூர்க்காரன் கேட்டப்போ 'நான்தான்'னு சொல்ல உங்களுக்கு வாய் வந்திருக்குமாப்பா?"