ஒத்துக்காரரின் சம்மதம்

ஏரித் தண்ணீர் முழுவதையும் தன் கரும்புத் தோட்டத்துக்குத் திருப்பிவிட நினைத்தார் ஒரு ஜமீன்தார். ஊரில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. தாசில்தார் கோயில் மண்டபத்துக்கு விசாரிக்க வந்த அன்று, அங்கே நாயனத்துக்குச் சுருதியாக ஒத்து ஊதும் மாசிலாமணியைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினார் ஜமீன்தார்.

“ஒத்து ஊதுறதுதானே உன் பிழைப்பு? ஊர் என்னோடு ஒத்துப்போகுதுன்னு சொல்லு. இல்லாட்டி நாளைக்குக் கோயில்ல உனக்கு வேலையில்லை” என்றார் காதோடு.

மாசிலாமணி பக்கத்தில் நின்ற நாயனக்காரரைப் பார்த்து, “அண்ணே, கொஞ்சம் சுருதி விலகி வாசிங்க” என்று சொல்லிவிட்டு, ஒத்தை எடுத்து ஒரே சுரத்தில் ஊதினார். நாயனம் விலகியதும் எல்லோருக்கும் காது கூசியது.

“இதை யார் சரிசெய்யணுங்க?” என்று ஜமீன்தாரைக் கேட்டார்.

“நாயனக்காரன்தான். இதுகூடத் தெரியாதா?”

“ஆமாங்க எஜமான். ஒத்து நின்ன இடத்துலயே நிக்கும். நாயனம்தான் வந்து சேரணும். ஊரும் ஒரே சுருதியிலதான் நிக்குது. நீங்க வந்து சேர்ந்தா, ஒத்துப்போச்சுன்னு தாராளமாச் சொல்றேன்.”

தாசில்தார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ‘சம்மதம் இல்லை’ என்று எழுதினார். மாசிலாமணியின் வேலையும் போகவில்லை. அவர் இல்லாமல் வாசிக்க மாட்டேன் என்று நாயனக்காரர் சொல்லிவிட்டார்.