நாயை நடத்தின எசமான்

செங்காட்டூர் ஜமீனில் வேட்டை நாய்களை வளர்த்தவள் முத்துப்பேச்சி. ஊர் நாய்ப் பந்தயத்துக்கு முன்னால் நாயை மைதானத்தைச் சுற்றி மூன்று முறை நடத்தி, உடம்பில் சூடேறிய பிறகுதான் ஓடவிடுவாள்.

அந்த வருஷம் ஜமீன்தார் குறுக்கே நின்றார். "வேட்டை நாயைக் கல்யாணப் பொண்ணு மாதிரி என்ன ஊர்வலம் விடுற? பந்தயத்துக்கு முந்தி அதை நடத்துறது யாரா இருந்தாலும், அன்னைக்கோட இந்த அரண்மனையில அவங்களுக்குச் சோறு கிடையாது."

"போன வருஷம் நடத்தாம ஓடவிட்டுத்தான் நம்ம கருப்பன் நாய் தொடை பிசகி நொண்டுது, எசமான்."

"சொன்னதைச் செய்."

பந்தயத்தன்று நாயைக் கூண்டிலிருந்து நேராகக் கொண்டுவந்தாள். பந்தய விதிப்படி எல்லைக்கோடு வரை நாயோடு அதன் சொந்தக்காரர்தான் ஓட வேண்டும். கையில் வாங்கிய நாய்க்கயிற்றைத் திருப்பிக் கொடுத்தால் தோற்றதாக அர்த்தம். காலையிலிருந்து நாற்காலியில் சாய்ந்திருந்த ஜமீன்தார் எழுந்து கயிற்றை வாங்கினார்.

"பந்தயம் தொடங்குறதுக்கு முந்தி கொஞ்சம் ஓடிப் பாருங்க, எசமான்."

இரண்டு எட்டு வைத்தவர் தொடையைப் பிடித்துக்கொண்டார். "இரு, கால் பிடிச்சுக்கிடுச்சு. கொஞ்சம் நடந்துட்டு ஓடுறேன்."

"தாராளமா நடங்க. கயித்தை மட்டும் விட்டுடாதீங்க."

அவர் கால் சரியாகும்வரை மைதானத்தை மூன்று சுற்று நடந்தார். நாயும் கூடவே நடந்தது. பிறகு பந்தயம் தொடங்கியதும் இருவரும் ஓடினார்கள்; நாய் முதலாவதாக வந்தது.

கழுத்தில் வெற்றி மாலையோடு நின்றவரிடம் ஊரார் காதில் விழும்படி முத்துப்பேச்சி சொன்னாள்:

"இன்னைக்கு நாயை நடத்தினது நீங்கதான், எசமான். உங்களுக்கு உலை வைக்கணுமான்னு சமையக்கட்டுல கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?"