வலப்பக்கம் பாருங்கள்

ஜப்பானில் கமிதானி என்றொரு மலைநகரம். அங்கே சுற்றுலா பஸ்ஸில் மைக் பிடிக்கும் வழிகாட்டிகளில் மிசுகிக்கு நிகர் யாருமில்லை. வயது இருபத்தாறு. அவளுடைய சீடர் தோகுசோ. வயது ஐம்பத்திரண்டு. மீசை வேறு.

தோகுசோ காலைச் சந்தையில் ஊறுகாய் விற்றவர். கடையை மச்சான் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் பேசியே தீருவேன் என்று வந்து சேர்ந்தார். எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே இறக்கிவிடுவார். "கதவு மூடுகிறது, கவனம்" என்று பஸ்ஸின் பதிவுக் குரலில் அவர் சொன்னால், ஏற வந்தவர்கள் இரண்டடி பின்னால் போவார்கள். டிரைவரின் தும்மலை டிரைவருக்கே தும்மிக் காட்டுவார்.

நான்கு மாதம் முதல் இருக்கையில், மிசுகிக்கு நேர் எதிரே உட்கார்ந்து கற்றார். அவள் எங்கே மூச்சு வாங்குவாள், எங்கே சிரிப்பாள், எந்த வளைவில் தொண்டையைச் செருமுவாள், எல்லாம் அத்துப்படி.

ஆனாலும் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தார். முதல் முறை பயத்தில் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் முறை திறந்த வாயை மூடவில்லை. இன்று மூன்றாவது. இதிலும் போனால் டிக்கெட் கவுண்ட்டர்தான். காலம் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால். நான்காம் முறை என்று ஒன்று கிடையாது.

பஸ் நிலையத்தில் நின்றபடி கேட்டார்.

"சென்செய்!" அங்கே ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நான் எப்போது உங்களைப் போல ஆவேன்?"

"பஸ் வந்துவிட்டது, தோகுசோ-சான்" என்றாள் மிசுகி, மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து.

கடலோர ஊர் ஒன்றின் மீன் வியாபாரிகள் சங்கம். முப்பத்தொரு பேர் ஏறினார்கள். மிசுகி மதிப்பெண் தாளோடு கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

தோகுசோ மைக்கை எடுத்தார். "எல்லோருக்கும் இனிய காலை வணக்கம்!"

மீசைக்குக் கீழேயிருந்து இருபத்தாறு வயதுப் பெண்ணின் குரல். பஸ் கொல்லென்று சிரித்தது. தோகுசோவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆறு வந்தது, சொன்னார். பாலம் வந்தது, அதையும் சொன்னார். மிசுகி சொல்வதை ஒரு சொல் விடாமல்.

"இந்தப் பாலத்தில்தான் போன வசந்தத்தில் என் நிச்சயதார்த்தம் நடந்தது. அம்மா அழுதே விட்டார்."



முன்வரிசையில் இருந்த தோமெ அம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். "மாப்பிள்ளை யாருங்க?"

"கல்யாணத்துக்கு முன்னால மீசையை எடுத்துடுங்க, மாப்பிள்ளை மிரண்டுடுவார்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கைதட்டல், விசில். தோகுசோ கடைசி இருக்கையைப் பார்த்தார். மிசுகி சிரிக்கவில்லை. ஒன்றும் எழுதவும் இல்லை.

அதன் பிறகு அவர் பார்வை அந்த இருக்கையை விட்டு நகரவேயில்லை. அவள் உதடு அசைகிறதா, புருவம் ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்தே பேசினார். பஸ் மலையேறியது. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்று, இரண்டு, மூன்று.

வழிகாட்டி பயணிகளைப் பார்த்து நிற்பவர். அவர்களுடைய வலப்பக்கம் அவருக்கு இடக்கைப் பக்கம். வாய் 'வலது' என்னும்போது இடக்கை எழ வேண்டும். மிசுகி அப்படித்தான் செய்வாள். எதிரே உட்கார்ந்து கற்ற தோகுசோவோ, கண்ணாடியைப் பார்ப்பதுபோல அதை அப்படியே தன் வலக்கையில் பழகி வைத்திருந்தார்.

ஏழாவது வளைவு.

"வலப்பக்கம் பாருங்கள்! பனிச் சிகரங்கள்!"

வாய் வலது என்றது. நீண்ட வலக்கையோ பயணிகளுக்கு இடது என்றது. முப்பத்தொரு தலையும் கை போன பக்கம் திரும்பின. அங்கே சிகரமாவது, பனியாவது! ஜன்னலை உரசுகிற மாதிரி வெறும் பாறைச் சுவர்.

"ஐயோ!"

"ஏ, நிறுத்துங்க, நிறுத்துங்க!"

பாறை இடுக்கில் ஒரு கமோஷிகா நின்றது. ஆட்டுக்கும் மானுக்கும் நடுவில் ஒரு மலை விலங்கு. சாம்பல் நிறம், குட்டைக் கொம்பு, அடர்ந்த தாடி. ஓடவில்லை. யார் இவர்கள் என்பதுபோல பஸ்ஸையே பார்த்தது.

"தாடியைப் பாரு, நம்ம சங்கத் தலைவர் மாதிரியே இருக்கு!"

"தலைவரே, உங்க அண்ணனா?"

டிரைவர் பஸ்ஸையே நிறுத்திவிட்டார். "இருபது வருஷமா ஓட்டறேன், இவ்வளவு கிட்டத்தில பார்த்ததில்லை!" என்று ஒரு தும்மல் போட்டார்.

தோகுசோவுக்கு இவ்வளவும் காதில் கூச்சலாகத்தான் விழுந்தது. கை தப்பிவிட்டது, அதற்குத்தான் கத்துகிறார்கள் என்று நினைத்தார். சென்செய் என்ன நினைக்கிறாள்? கடைசி இருக்கையில் மிசுகி முழங்காலிட்டு, பின்பக்கக் கண்ணாடியில் மூக்கை அழுத்தியிருந்தாள். தாள் தரையில் கிடந்தது. அவளுடைய பின்னந்தலை மட்டுமே தெரிந்தது. அந்தப் பின்னந்தலையைப் பார்த்தபடி, சிகரங்களின் உயரத்தை மீட்டர் கணக்கில், யாரும் கேட்காமல், கடைசி வரை சொல்லி முடித்தார்.

மலையுச்சியில் இறங்கியதும் ஆளுக்காள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"நீங்க மந்திரவாதிதான்!" என்றாள் தோமெ அம்மாள். "கையை நீட்டினீங்க, வந்து நின்னுச்சே!"

"எது நின்றது?"

"என்னங்க இது! நீங்க பார்க்கலையா?"

"நான் சென்செயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

தோமெ அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சூடான கொழுக்கட்டை வாங்கப் போனாள்.

மிசுகி வந்தாள். மதிப்பெண் தாள் வெறுமையாக இருந்தது.

"தோற்றுவிட்டேனா, சென்செய்?"

"இறங்கும் பயணம் பாக்கி இருக்கிறதே."

அவள் தாளையும் பேனாவையும் தோமெ அம்மாளிடம் நீட்டினாள். "மதிப்பெண் நீங்கள் போடுங்கள்."

"நானா?" வாயில் கொழுக்கட்டையோடு அந்த அம்மாள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "எழுத இடம் பத்தாது போலிருக்கே!"

மிசுகி நேரே ரோப் கார் வரிசையில் போய் நின்றாள். அது அங்கிருந்து நகரத்துக்கு இறங்கும். தோகுசோ பின்னாலேயே ஓடினார்.

"நீங்கள் பஸ்ஸில் வரவில்லையா?"

"இல்லை."

ரோப் கார் வந்தது. அவள் ஏறினாள். கதவு மூடத் தொடங்கியது.

"சென்செய், சென்செய்! இறங்கும்போது நான் என்ன சொல்வது?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மிசுகி. "நான்தான் அந்த பஸ்ஸில் இல்லையே."